தாழ்ப்பாள் அம்மாவுக்கு ஒரு நாற்காலி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம், என் முட்டிவலியும் என்னை விட்டுப் பிரியாமல் சௌக்கியமாக இருக்கிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் நலம் என்ற நினைப்பில்தான் எங்களுக்குத் தினமும் சாப்பாடு இறங்குகிறது. போன் என்று ஒன்று இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் பக்கத்தில் உன் அம்மா வந்து நின்றுகொள்கிறாள், நான் ஒன்று சொன்னால் அவள் நாலு திருத்தம் சொல்கிறாள், கடைசியில் போனையே பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டியா, குழந்தைக்குச் சளி விட்டுச்சா, சரி வெக்கறேன் என்று முடித்துவிடுகிறாள். அந்தப் பள்ளி வாரியக் கூட்டத்தன்றும் அப்படித்தானே செய்தாள்? கெடச்சுடுச்சு, நீ தூங்கு, வெக்கறேன் என்று நாலே வார்த்தையில் முடித்தாளே, அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் அவள் வாரிய அலுவலகத்துக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அன்றைக்குப் போனில் பேசியது கீழே உட்கார்ந்திருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது, ஆனால் நீ பேசி முடித்த பிறகு அந்தக் கூட்டம் நடந்த கூடத்தில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லையே. அது உனக்குத் தெரியாமல் இருப்பது பெரிய அநியாயம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் இருந்து சொல்கிறேன், அவசரப்படாதே, நான் ஓட்டின பஸ் மாதிரி எல்லா நிறுத்தத்திலும் நின்றுதான் வருவேன். நகரப் பள்ளி வாரியத்தில் ஒரு உறுப்பினர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த தேர்தல் வரைக்கும் அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாதாம், மீதி உறுப்பினர்களே விண்ணப்பம் வாங்கி, பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்டு, கை தூக்கி ஒருவரை நியமிக்கலாமாம். வாரியத் தலைவர் அந்தப் பல் டாக்டரம்மாதான் உன் அம்மாவுக்குப் போன் போட்டு, நீங்க ஏன் விண்ணப்பம் போடக் கூடாதுன்னு கேட்டார். உன் அம்மா போனை வைத்துவிட்டு, என் வாயை அடைக்கறதுக்கு நாற்காலி குடுக்கறாங்க பாருங்க, என்று குதித்தாள். நான் அப்போது குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்காமலே, இத்தனை வருஷம் நின்னுக்கிட்டே பேசியாச்சு, கொஞ்சம் உக்காந்து பேசித்தான் பாரேன், கால் வலியாவது குறையும், என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறாள், தொழில் என்ற இடத்தில் என்ன எழுதறது, சண்டைன்னு எழுதவா என்று என்னையே கேட்கிறாள். குழாய் இன்னும் ஒழுகுகிறது, அது வேறு கதை.

கூட்டத்தன்று எப்போதும் போல நான் அவளுடைய பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கூடம் உனக்குத் தெரியுமே, சின்ன வயதில் உன்னையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம், மேடையில் நீள மேசை, கீழே மடக்கு நாற்காலிகள், நடுவில் பொதுமக்கள் பேசுகிற மைக், பக்கத்தில் செயலரம்மாவின் மணி, இப்போது நேரில் வர முடியாதவர்கள் போனிலேயே கூட்டத்தைக் கேட்கவும் பேசவும் வசதி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்தால் மைக் செத்துப்போகும். உன் அம்மா அந்த மணியோடு பட்ட பாட்டைப் பற்றி மட்டுமே ஒரு நாள் முழுக்கப் பேசலாம். பள்ளிக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று ஆரம்பித்தவள், குடிதண்ணீர், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை, பள்ளி வண்டியில் பாதுகாப்புப் பட்டி என்று ஒன்று விடாமல் அந்த மைக்கில்தான் கத்தினாள். உன் அம்மாவோடு போட்டிக்கு யார் என்று பார்த்தால் ஒரு கணக்காளர், நல்ல மனுஷன், திரையில் படமெல்லாம் போட்டு வழவழவென்று பேசினார். என்னைக் கேட்டால் எனக்கே அவருக்கு ஓட்டுப் போடலாம் என்று தோன்றியது, இதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அடுத்து உன் அம்மாவின் முறை, விண்ணப்பம் போட்டவர்கள் மேடைக்கு அடியிலேயே நின்று பேச வேண்டும். பேசியது நன்றாகத்தான் பேசினாள், ஆனால் கேள்வி நேரத்தில் வாரியத்தில் ரொம்ப வருஷமாக இருக்கிற அந்தப் பழைய உறுப்பினர் வாயைத் திறந்தார். உனக்கு அவரைத் தெரியும், உன் அம்மாவுக்குத் தாழ்ப்பாள் அம்மா என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான், அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதானே பள்ளிக்கூடத்தில் உன்னைத் தாழ்ப்பாள் பொண்ணு தாழ்ப்பாள் பொண்ணு என்று பிள்ளைகள் படுத்தி எடுத்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். அம்மா, இத்தனை வருஷமா ஒரு குழந்தை, ஒரு குழந்தைன்னு சொல்றீங்களே, தாழ்ப்பாள் இல்லாததால கஷ்டப்பட்ட அந்தக் குழந்தை யாரு, அப்படி ஒரு குழந்தை உண்மையிலேயே இருந்துச்சா, இல்லை பேச்சுக்கு எடுபடும்னு நீங்களா உண்டாக்கினதா, இங்க உக்காரப்போறவங்க சொல்றதை நாங்க நம்பணுமில்லையா என்றார். இந்தப் பேச்சு ஊரில் ரொம்ப நாளாகச் சுற்றுகிறதுதான், ஆனால் முகத்துக்கு நேராக யாரும் கேட்டதில்லை. உன் அம்மாவின் காது மடல் சிவந்து போனது பின்வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை போதும், என் பொண்ணுதான் என்று சொன்னால் விஷயம் முடிந்தது. அவள் சொல்லவில்லை. இருந்துச்சு, அதுக்கு மேல நான் சொல்ல முடியாது, நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். போச்சு, அவ்வளவுதான் என்று நான் பையையும் குடையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலி போனால் போகட்டும், பொய்க்காரி என்ற பெயரோடு வீட்டுக்கு வரப்போகிறாளே என்றுதான் எனக்குக் கவலை.

பிறகுதான் பொதுமக்கள் நேரம். நாலைந்து பேர் பேசினார்கள், கீழ்வீட்டுத் தையல்காரர்கூடத் துணிந்து போய் மைக்கைப் பிடித்தார், ஆனால் பாதியிலேயே கண்ணில் தண்ணீர் வந்து நல்லவங்க நல்லவங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது செயலரம்மா, போனில் ஒருவர் காத்திருக்கிறார் என்று சொன்னார். உன் குரல் வந்தது. அம்மாடி, நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. அங்கே உனக்கு விடிந்தும் விடியாத நேரம். நீ அவ்வளவு நேரம் விழித்திருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குழந்தை நான்தான் என்று ஆரம்பித்தாய். தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பசங்க தள்ளிக்கிட்டே இருப்பாங்கன்னு பயந்து நாள் பூரா அடக்கிக்கிட்டு இருந்தேன், ஒரு நாள் முடியலை, வகுப்பிலேயே நனைச்சுக்கிட்டேன், யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கினேன், ஊர் பூரா அவங்களைக் கிண்டல் பண்ணினப்பவும் அவங்க வாயைத் திறக்கலை, அவங்களால எனக்கு வெக்கமா இருக்குன்னு நான் சண்டை போட்டப்பவும் திறக்கலை, என்றாய். போன மாசம் என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விட்டேன், முதல் நாள் நான் வகுப்பைப் பாக்கலை, டீச்சரைப் பாக்கலை, நேராப் போய்க் கழிவறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பாத்தேன், நல்லா விழுந்துச்சு, அங்கேயே நின்னு அழுதேன், என்றாய். அம்மா நீ அங்கதான் உக்காந்திருப்பேன்னு தெரியும், உங்கிட்ட நான் ஒண்ணு, என்றாய். மணி அடித்தது. இணைப்பு போய்விட்டது.

இனிமேல்தான் நீ கேட்காத பகுதி. கீழே உட்கார்ந்திருந்த எங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம், மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பழைய உறுப்பினர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார். தலைவரம்மா கூச்சத்தோடு, மன்னிச்சுக்கங்க, போன்ல வந்தது இங்க எங்களுக்குச் சரியா விளங்கலை, ஏதோ பள்ளிக்கூடம்னு மட்டும் காதுல விழுந்துச்சு, பேசினது உங்க பொண்ணா, என்ன சொன்னாங்க, நீங்களே சொல்லுங்களேன் என்று உன் அம்மாவிடம் கேட்டார். யோசித்துப் பார், நீயே ஊரறியச் சொல்லிவிட்டாய், இனி மறைக்க என்ன இருக்கிறது? உன் அம்மா எழுந்து, முடியாதுங்க, என்றாள். அது அவ சொல்ல வேண்டியது, அவ சொல்லிட்டா, என் வாயால சொல்ல மாட்டேன்னு குழந்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன், நாற்காலிக்காக அதை மாத்த முடியாது, என்றாள். பிடிவாதம் என்றால் இப்படியும் ஒரு பிடிவாதமா! எனக்குக் கோபம் வந்தது, பெருமையாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து வந்து என்னை நாற்காலியிலிருந்து தூக்கிவிட்டது.

ஆமாம் பாப்பா, உன் அப்பாதான் எழுந்தேன். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று எழுதின பலகைக்கு அடியிலேயே காலத்தைத் தள்ளினவன், அந்தக் கூடத்தில் இத்தனை வருஷத்தில் இருமினதுகூட இல்லை. குடையை வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன். செயலரம்மா, ஐயா மைக் இங்க இருக்கு என்றார். எனக்கு மைக்கைப் பார்த்தாலே பயம், அதனால் அதைத் தாண்டி மேடைக்கு அடியிலேயே போய் நின்றுகொண்டு, நான் அந்தப் பொண்ணோட அப்பா, சத்தியம் அவங்கம்மாதான் பண்ணினாங்க, என்கிட்ட யாரும் வாங்கலை, அன்னிக்கு அந்தச் சீருடையை அலசிக் காயப்போட்டது நான்தான், என்று சொன்னேன். நீ சொன்னதை ஒன்று விடாமல் அப்படியே திருப்பிச் சொன்னேன். பேத்தியின் பள்ளிக்கூடத் தாழ்ப்பாள் வரைக்கும் சொன்னேன், அந்த இடத்தில் என் குரலும் தையல்காரர் குரல் மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் சத்தியம் வாங்க வேண்டும் என்று உனக்குத் தோன்றாமல் போனதே, வீட்டில் நான் வாயைத் திறக்கிற ஆளே இல்லை என்பதால்தானே? அதுவே கடைசியில் நல்லதாகப் போயிற்று. திரும்பி நடக்கும்போது உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். தூக்காத அந்த ஒருவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் அவரே இறங்கி வந்து, அம்மா நான் உங்களை எதிர்த்தேன், இனிமேலும் எதிர்ப்பேன், ஆனா அந்தக் குழந்தை விஷயத்துல நான் கேட்டது தப்பு, உங்க பொண்ணுகிட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க, என்று கையைக் கூப்பினார். சொல்லிவிட்டேன். உன் அம்மா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரைத்தான் புகழ்ந்துகொண்டு வந்தாள், கை தூக்கினவங்களை நம்பறதா வேண்டாமான்னு இனிமேதான் பாக்கணும், அந்த மனுஷன் நேர்மையான ஆளு, சண்டை போடத் தோதான ஆளு, என்றாள். இப்படிப்பட்டவளுக்கு நான் என்ன சொல்ல?

இன்னொன்று சொல்ல வேண்டும், அதைக் கேட்டால் சிரிப்பாய். பதவி ஏற்ற பிறகு முதல் கூட்டம். மேடையில் பெயர்ப் பலகை, தண்ணீர்க் குவளை, சுழல் நாற்காலி எல்லாம் வைத்து உன் அம்மாவை உட்கார வைத்தார்கள். அரைமணி நேரம் நன்றாகத்தான் இருந்தாள். இப்ப பொதுமக்கள் பேசலாம் என்று செயலரம்மா அறிவித்ததுதான் தாமதம், இவள் பாட்டுக்கு விருட்டென்று எழுந்து, மேடையை விட்டு இறங்கி, போய் வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டாள்! பழக்கதோஷம். நான் பின்வரிசையிலிருந்து கையைக் காட்டுகிறேன், கண்ணைக் காட்டுகிறேன், அவளோ என்னவோ குடை வேண்டுமா என்று நான் கேட்பதாக நினைத்து முறைக்கிறாள். தலைவரம்மாதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உறுப்பினர் அவர்களே, உங்க நாற்காலி இங்க இருக்கு, என்றார். கூடமே சிரித்தது, அவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடி மேலே ஏறினாள்.

அப்புறம் வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு தகப்பன் பேச ஆரம்பித்தார், பள்ளி வண்டி அவர் தெருவுக்குள் வருவதில்லையாம், குழந்தைகள் பெரிய சாலையில் நிற்கின்றனவாம். எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. மேடையில் உன் அம்மா முன்னால் சாய்கிறாள், காதைத் திருப்புகிறாள், பக்கத்தில் இருப்பவரிடம் என்னவோ கேட்கிறாள், அவர் உதட்டைப் பிதுக்குகிறார். திடீரென்று எழுந்து, கொஞ்சம் நிறுத்துங்க தம்பி, என்றாள். விஷயம் என்ன தெரியுமா, ஒலிபெருக்கிப் பெட்டி இரண்டும் மக்களைப் பார்த்துத்தான் வைத்திருக்கின்றன, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மொணமொணவென்று எதிரொலி மட்டும்தான் வரும், இத்தனை வருஷமும் அப்படித்தானாம். மேடையில் இருந்த ஒவ்வொருவரும் தனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து, வெளியே சொன்னால் மானம் போகும் என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! எல்லாரும் ஒவ்வொருவராக அங்கேயே ஒப்புக்கொண்டார்கள், தலைவரம்மா காது டாக்டரிடமே போய் வந்தாராம். உன் அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே, அடப்பாவிகளா, நான் கத்தினதெல்லாம் சுவத்துக்கா என்று மேடை மைக்கிலேயே சொல்லிவிட்டாள். அதோடு நிற்கவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி, ஒரு பெட்டியை மேடைப் பக்கம் திருப்பினாள். நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டது யார் என்று நினைக்கிறாய், பட்டப்பெயர் வைத்த அதே மனுஷன்தான். இறங்கி வந்து உட்கார்ந்து, இப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க தம்பி, மணியையும் முதல்லேர்ந்து வைங்கம்மா, என்றாள். அந்தத் தகப்பன் சொன்னார், மேடையில் அத்தனை பேரும் குறிப்பு எடுத்தார்கள், வண்டி இப்போது அந்தத் தெருவுக்குள் போகிறது.

உன் அம்மாவுக்கு ஊர் மாலை போடவில்லை, ஒரு நாற்காலி கொடுத்தது, அதற்கே எனக்கு மனசு நிறைந்து கிடக்கிறது. கை தூக்கினவர்களுக்கு நன்றி, தூக்காமல் உண்மை பேசினவருக்கும் நன்றி, தையல்காரருக்கு நன்றி. எல்லாருக்கும் மேலே உனக்குத்தான் பாப்பா. நீ படிப்பு முடிந்ததும் அவ்வளவு தூரம் போனபோது, தன்னுடைய சத்தம் தாங்காமல்தான் போகிறாய் என்று உன் அம்மா மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். வெளியே ஒரு நாளும் சொன்னதில்லை, ஆனால் நீ போனில் அவசரமாகப் பேசி வைக்கிற நாளில் எல்லாம் அடுக்களையில் பாத்திரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே உருட்டுவாள். இப்போது உருட்டுவதில்லை. அதற்குப் பதிலாக வேறு தொல்லை ஆரம்பித்திருக்கிறது. காபியை வைத்துவிட்டு, ஏங்க, உங்கிட்ட நான் ஒண்ணுன்னு சொன்னாளே, ஒண்ணு கேக்கணும்னு வந்தாளோ, சொல்லணும்னு வந்தாளோ, என்கிறாள். துணி மடிக்கும்போது, கோவமா இருக்குமோ என்கிறாள். நீயே போன் பண்ணிக் கேளேன் என்றால், குழந்தைக்குப் பள்ளிக்கூட நேரம், அவளுக்கு வேலை இருக்கும் என்று ஆயிரம் சாக்கு. வாரியத்தையே ஆட்டி வைக்கிறவளுக்குப் பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயம். நீயும் அவளுக்குப் பிறந்தவள்தானே, அன்றைக்குப் பிறகு நாலு தரம் பேசினாய், சளியைப் பற்றியும் தட்பவெப்பத்தைப் பற்றியும் பேசி வைத்துவிட்டாய். இரண்டு பேருக்கும் ஊரே கேட்கப் பேச வருகிறது, வீட்டுக்குள் பேச வரவில்லை.

மாப்பிள்ளையிடம் வண்டியை நிதானமாக ஓட்டச் சொல், மழையில் வளைவில் பிரேக்கை அழுத்தக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். பேத்திக்கு என் முத்தம், காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு, ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு ஆசை இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன். வெட்டுவதற்கு என் தலையில் ஒன்றும் இல்லை என்பது உனக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும், ஆனாலும் போய்ப் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இருட்டின பிறகுதான் வருவேன். வீட்டில் உன் அம்மா தனியாக இருப்பாள், போன் பக்கத்தில்தான் இருப்பாள். மணியை வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மீதியைச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
குடையைத் தூக்கிக்கொண்டு வருகிற
உன் அப்பா